இசையுணர்வும் இசைக் கல்வியும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

இசையை உணரும் ஆற்றல் பிறவியில் அமைவதா, பயிற்சியால் வளர்வதா என்னும் வினா கல்வியாளரையும் உளவியலாரையும் நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் போன்ற தொழில் நகரங்களில் இசைக் கல்வியைத் திட்டமிடுவோர்க்கு இவ்வினா இன்றியமையாதது.

1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகக் குடியேறினர். அவருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்தம் வாழ்வில் பறையிசை கலந்திருந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் வாழ்ந்தமையால் தேவாலய இசையும் வேரூன்றியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், பல வகை இசையைக் கேட்டு வளரும் சூழல் மறைந்துவிடவில்லை.

கேட்டுப் பழகுதலின் பயன்

காஸ்டெல்லானோ, பருச்சா, குரூம்ஹான்சல் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், வட இந்திய இராகங்களை இந்தியரும் மேலை நாட்டாரும் கேட்டனர். எச்சுரங்கள் முதன்மை பெறுகின்றன என்பதை இரு சாராரும் உணர்ந்தனர். ஆனால், இராகத்தின் அடிப்படையான தாட் அமைப்பை உணர்ந்தவர் இந்தியரே. ஆகவே, இசையுணர்வில் ஒரு பகுதி அனைவர்க்கும் பொது. மறு பகுதி கேட்டுப் பழகுவதால் வருவது என்பது தெளிவு.

மிருதங்கமும் பறையும்

சாதாரண வட்டத் தோலைத் தட்டும்போது எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்துவதால்தான் தெளிவான சுருதி பிறக்கிறது. இதனைச் சர் சி.வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் விளக்கினார்.

பறையில் இத்தகைய பூச்சு இல்லை. தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவர். அதன் பணி சுருதி காட்டுவதன்று. தாளத்தைத் தொலைவுக்கும் எட்டச் செய்வதாகும். எனவே பறையொலியை வெறும் இரைச்சல் என ஒதுக்குவது செவியின் தீர்ப்பு அன்று. சமூகம் கற்பித்த தீர்ப்பேயாகும். அதனைக் கல்வியால் மாற்ற இயலும்.

செய்யத் தக்கவை

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இதனைச் செயற்படுத்துகையில் மூன்று நெறிகள் பயன்படும். முதலாவது, மாணவர் வீட்டிலும் தெருவிலும் கேட்ட இசையிலிருந்தே பாடத்தைத் தொடங்குதல். இரண்டாவது, பறையையும் மிருதங்கத்தையும் அருகருகே வைத்து, ஒலியியல் பாடத்தை இசைப் பாடத்தோடு இணைத்தல். மூன்றாவது, செவி நலம் பேணுதல். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் நெடுநேரம் கேட்பின் செவித்திறன் குன்றும். இக்குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கும். சுரங்கத் துளைப்பொறிகளுக்கு மட்டுமன்றி மூடிய அறையில் முழங்கும் தோற்கருவிகளுக்கும் இது பொருந்தும். ஆதலின் பறைப் பயிற்சியைத் திறந்த வெளியில் நடத்துதல் நன்று.

தம் பெற்றோரின் இசை பாடநூலில் இடம்பெறக் காணும் மாணவர், பிற இசையையும் தாழ்வுணர்ச்சியின்றிக் கற்பர். தொழில் நகரங்களின் இசைக் கல்வி இதனையே குறிக்கோளாகக் கொள்ளுதல் வேண்டும்.