பச்சை இறைச்சியும் பூனையின் வயிறும்: ‘நச்சு வெளியேறுகிறது’ என்ற நம்பிக்கையை முன்வைத்து

கடையில் வாங்கிய உலர் உணவையே உண்டு வளர்ந்த வீட்டுப் பூனையைப் பச்சை இறைச்சிக்கு மாற்றும்போது, முதல் சில நாள்களில் மலம் இளகுவதும், வாந்தி எடுப்பதும், வயிறு இரைவதும், சில பூனைகள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உண்ணாமலே நகர்ந்துவிடுவதும் கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த நிகழ்வுகள். இந்த உபாதைகள் உண்மையானவை. அவற்றைச் சூழ்ந்து வளர்ந்துள்ள விளக்கங்களே பெரும்பாலும் உண்மைக்குப் புறம்பானவை. அவ்விளக்கங்களுள் மிகுந்த தீங்கு செய்வது, பூனைக்குச் சிகிச்சை தேவைப்படும் நாள்களில் அதை வளர்ப்பவரைப் பொறுத்திருக்கச் சொல்லும் விளக்கமே என்று தயங்காமல் கூறலாம்.

பூனை ஒரு கட்டாய ஊனுண்ணி, அதாவது விலங்குத் திசுக்களில் இயற்கையாகக் கிடைக்கும் சில சத்துகளின்றி உயிர்வாழ இயலாத விலங்கு. டாரின் என்னும் அமினோ அமிலத்தைப் போதிய அளவில் அதன் உடல் தானே ஆக்கிக்கொள்வதில்லை. காய்கறிகளிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும் திறன் அதற்கில்லை. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி அதன் உமிழ்நீரில் இல்லை. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத உணவை ஒரே ஒரு வேளை உண்டாலும் அதன் இரத்தத்தில் அம்மோனியா ஆபத்தான அளவுக்கு உயர்ந்துவிடும் என்பது 1978-இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. எனினும் இவை பூனைக்கு இறைச்சிச் சத்து தேவை என்பதை நிறுவுகின்றனவே தவிர, அந்த இறைச்சி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதையோ, பல ஆண்டுகள் வேறுணவு உண்ட குடல் மறுநாளே அதை ஏற்றுக்கொள்ளும் என்பதையோ நிறுவவில்லை. சரியான ஓர் உண்மையிலிருந்து தவறான முடிவுக்குத் தாவும் இந்தத் தாவலிலிருந்தே கீழே காணும் நம்பிக்கைகள் பலவும் பிறக்கின்றன.

நம்பிக்கை: மாற்றத்தின்போது வரும் வயிற்றுப்போக்கு, பழைய உணவின் நச்சு வெளியேறுவதன் அடையாளம், அதைத் தடுக்கக் கூடாது

உடலில் சேரும் வேண்டாத வேதிப்பொருள்களை மாற்றி வெளியேற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கின்றன. பல ஆண்டுகளின் நச்சைச் சேமித்து வைத்திருந்து, நல்லுணவு வந்தவுடன் அதைக் கொட்டித் தீர்க்கும் கிடங்கு எதுவும் குடலில் இல்லை. வயிற்றுப்போக்கில் வெளியேறுவது நீரும், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகிய உப்புகளுமே. இவற்றை இழப்பதால் உடல் தூய்மை அடைவதில்லை, வறட்சிதான் அடைகிறது.

உண்மையில் நிகழ்வது வேறு. பூனையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம், அதுவரை கிடைத்துவந்த உணவுக்கு ஏற்ற விகிதத்தில் அமைந்திருக்கிறது. மாவுச்சத்தும் நார்ப்பொருளும் ஒரே நாளில் நின்றுபோய், புரதமும் கொழுப்பும் பெருமளவில் வந்து சேரும்போது, சில நுண்ணுயிர்கள் இரையின்றிக் குறைகின்றன. புரதத்தை நொதிக்கச் செய்யும் வேறு சில விரைந்து பெருகுகின்றன. சிறுகுடல் அன்று உறிஞ்சி முடிக்காத புரதம் பெருங்குடலை அடைந்து நொதிக்கும்போது கடும் நாற்றமும் வாயுவும் உண்டாகின்றன. உறிஞ்சப்படாத கொழுப்பு அங்குப் போய்ச் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அதைக் குடற்சுவரை உறுத்தும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, அந்த உறுத்தலால் குடல் நீரைச் சுரக்கிறது, மலம் இளகுகிறது. தோலும் கொழுப்பும் நீக்காத கோழித் துண்டுகளை முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கும் வீடுகளில் இது மிகுதியாகக் காணப்படுவதன் காரணமும் இதுவே.

நச்சு வெளியேற்றம் என்ற விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க எளிய வழியொன்று உண்டு. பச்சை இறைச்சி உண்டு பழகிய பூனைக்குத் திடீரென உலர் உணவைக் கொடுத்தாலும் அதன் வயிறு கலங்கலாம். ஒரு நிறுவனத்தின் உலர் உணவிலிருந்து இன்னொன்றின் உலர் உணவுக்கு ஒரே நாளில் மாற்றினாலும் கலங்கலாம். எத்திசையில் மாற்றினாலும் ஒரே விளைவு நேர்கிறது எனில், அதற்குக் காரணம் மாற்றத்தின் வேகமே அன்றிப் பழைய உணவில் ஒளிந்திருந்த நஞ்சு அன்று என்பது தெளிவு.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையாக நின்றுவிட்டால் அதைக் கடந்து போகலாம். ஆனால் அது நோயை நலத்தின் அறிகுறியாகக் காட்டிவிடுகிறது. ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளோ குடற்புழுக்களோ ஏற்கெனவே இருந்து, உணவு மாறிய வாரத்தில் அவற்றின் தொல்லை வெளிப்படலாம். புதிய இறைச்சியிலிருந்தே சால்மொனெல்லா தொற்றியிருக்கலாம். மலத்தைப் பரிசோதித்தால் அறியக்கூடிய இவற்றை, ‘தூய்மையாகிறது’ என்ற சொல் மூடி மறைத்துவிடுகிறது. சற்றே இளகிய மலம் ஓரிரு நாள் போனாலும் பூனை வழக்கம்போல் உண்டு, விளையாடி, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் புதிய உணவின் பங்கைக் குறைப்பது போதும். இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பூனை ஒடுங்கிக் கிடந்தாலோ மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். குட்டியாயின் அத்தனை நேரமும் காத்திருக்கலாகாது, ஏனெனில் அதன் சிற்றுடலில் நீரிழப்பைத் தாங்கும் இருப்பு மிகவும் குறைவு.

நம்பிக்கை: பசித்தால் பூனை தானாக உண்ணும், பட்டினி போட்டால் வழிக்கு வரும்

இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டவற்றுள் உயிரைப் பறிக்கவல்ல நம்பிக்கை இதுவே. நாய்க்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத ஒருநாள் பட்டினியைப் பூனைக்கும் பொருத்திப் பார்ப்பதில் இப்பிழை தொடங்குகிறது. உணவு நின்றவுடன் பூனையின் உடல், தான் சேமித்த கொழுப்பை இரத்தத்தில் விடுவித்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது; அந்தக் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிந்து மீண்டும் வெளியே அனுப்பும் வேலையில் பூனையின் கல்லீரல் எளிதில் பின்தங்கிவிடுகிறது; பட்டினியால் புரதமும் வராத நிலையில் கொழுப்பு கல்லீரல் செல்களிலேயே தேங்கி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. கொழுப்புக் கல்லீரல் நோய் எனப்படும் இந்நிலை, சில நாள் உண்ணாமலிருந்த பூனைக்கு வரக்கூடியது. பருத்த பூனைக்கு இன்னும் விரைவில் வரும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாவது இதன் அறிகுறி. ஆனால் அது தெரியும்போது நோய் முற்றத் தொடங்கியிருக்கும். அதன்பின் பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள் குழாய் வழியே உணவூட்டித்தான் பூனையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இதில் ஒரு கொடுமையான சுழற்சியும் உண்டு: கல்லீரல் பழுதடைந்த பூனைக்குக் குமட்டல் வருகிறது, குமட்டல் வந்த பூனை முன்பு விரும்பி உண்டதையும் வெறுக்கிறது. ஆகவே ‘பிடிவாதம் பிடிக்கிறது’ என்று வளர்ப்பவர் எண்ணும் மூன்றாம் நாள், பூனையால் உண்ணவே முடியாத நாளாக மாறியிருக்கலாம். ஒரு முழு நாள் பூனை எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவை உடனே திருப்பித் தருவதே முறை. அதையும் மறுத்தால் மருத்துவரை நாட வேண்டும்.

நம்பிக்கை: பூனையின் இரைப்பை அமிலம் எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும்

வெறும் வயிற்றில் பூனையின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அதன் குடல் குட்டையானது என்பதும் சரியே. ஆனால் உணவு வந்து சேர்ந்ததும் அது அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. கொழுப்பும் புரதமும் கிருமிகளைச் சூழ்ந்து காக்கின்றன. ஒரு பகுதி உயிரோடு குடலை அடைகிறது. எலியைப் பிடித்துச் சூடு ஆறுமுன் உண்ணும் பூனைக்கும், பல பறவைகளின் இறைச்சியை ஒன்றாக அரைத்துப் பொட்டலமிட்டுப் பல நாள் கழித்து உருக்கிப் பரிமாறுவதை உண்ணும் பூனைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நம்பிக்கை கணக்கில் கொள்வதே இல்லை. அரைக்கும்போது இறைச்சியின் மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன.

நெதர்லாந்தில் விற்பனையான 8 நிறுவனங்களின் உறைநிலைப் பச்சை இறைச்சி உணவுகள் 35-ஐ ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், 19 பொட்டலங்களில் லிஸ்டீரியாவின் நோயுண்டாக்கும் இனமும், 7-இல் சால்மொனெல்லாவும், 28-இல் முக்கிய நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் எஸ்கெரிக்கியா கோலையும் காணப்பட்டன. உறையவைத்தால் கிருமி சாகும் என்ற துணை நம்பிக்கைக்கும் இது விடையாகிறது. கடுங்குளிர் சில ஒட்டுண்ணிகளின் உறைகளை அழிக்கும். பாக்டீரியாவையும் வைரஸையும் அது பெரும்பாலும் பாதுகாத்தே வைக்கிறது. தனக்கு நோயின்றியே பூனை இக்கிருமிகளை மலத்தில் வெளியேற்றக்கூடும் என்பதால், சிறு குழந்தையோ முதியவரோ கருவுற்ற பெண்ணோ உள்ள வீட்டில் இது பூனையை மட்டும் பொறுத்த விஷயமன்று.

பூனைக் குடும்பத்துக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றும் என்பதற்கு, 2004-ஆம் ஆண்டு தாய்லாந்தின் ஸ்ரீராச்சா விலங்குக் காட்சியகத்தில் பச்சைக் கோழி உண்ட புலிகளுக்கு எச்5என்1 வைரஸ் பரவி, இறந்தவையும் கருணைக் கொலை செய்யப்பட்டவையுமாக 147 புலிகள் மடிந்ததே பெருஞ்சான்று. புலியின் இரைப்பை அமிலம் அவற்றைக் காக்கவில்லை. 2023-இல் சியோல் நகரக் காப்பகங்களில் பூனைகளைத் தாக்கிய இதே வைரஸ், அவற்றுக்குத் தரப்பட்ட, முறையாகக் கிருமி நீக்கப்படாத வாத்திறைச்சி உணவிலும் கண்டறியப்பட்டது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அது உறுதிசெய்யப்பட்டதால், இந்திய வளர்ப்பாளர்கள் இதை அயல்நாட்டுச் செய்தியாகக் கொள்ள இயலாது. இந்நோயில் காய்ச்சல், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை முன்னிற்கும். மலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

நம்பிக்கை: உலர் உணவையும் பச்சை இறைச்சியையும் ஒரே தட்டில் வைத்தால் வயிறு கெடும்

இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செரிப்பதால் ஒன்று மற்றொன்றை இரைப்பையில் அழுகவைக்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இரைப்பை தன்னிடமுள்ளதைக் கலந்து கூழாக்கிச் சிறிது சிறிதாக வெளியேற்றும் உறுப்பு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரிசையில் நிறுத்துவதில்லை. படிப்படியாக மாற்றுவதற்கு இரண்டையும் கலந்து வைப்பதே பல பூனைகளுக்கு எளிய வழி. பச்சை இறைச்சி கலந்த உலர் உணவை நாள் முழுதும் தட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பது மட்டுமே இங்கு கவனிக்கத்தக்கது.

நம்பிக்கை: சமைத்த இறைச்சி பூனையை அழிக்கும் என்று பாட்டெங்கர் நிரூபித்துவிட்டார்

கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்சிஸ் பாட்டெங்கர் 1932 முதல் 1942 வரை சுமார் 900 பூனைகளை வைத்து ஆய்வு நடத்தினார். பச்சை இறைச்சி உண்டவை செழித்தன. சமைத்த இறைச்சி உண்டவற்றின் வழித்தோன்றல்கள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. அவர் கண்டதைப் பொய் எனக் கூற வேண்டியதில்லை. அதற்கான காரணத்தை அறியும் வசதி அக்காலத்தில் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975-இலும், இதயத் தசை தளர்ந்து விரிகிறது என்பது 1987-இலும் வெளியான ஆய்வுகளில்தான் தெரிந்தது; கருச்சிதைவும் நலிந்த குட்டிகளும் அதே குறைபாட்டின் விளைவுகளே. டாரின் நீரில் கரையக்கூடியது. இறைச்சியை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதுவும் கணிசமாகப் போய்விடும். ஆகவே தீங்கு வெப்பத்தில் இருந்ததைவிட, இழந்த சத்தை ஈடுசெய்யாததில் இருந்தது என்பதே இன்று ஏற்கத்தக்க விளக்கம்.

நம்பிக்கை: மலம் கெட்டியாகிவிட்டால் உணவு சரியாக அமைந்துவிட்டது

செரிமானத்தில் மீதம் குறைவாக இருப்பதால் பச்சை இறைச்சி உண்ணும் பூனையின் மலம் சிறுத்து, நாற்றம் குறைந்து, ஒன்றுவிட்ட நாள் கழிவது இயல்பே. அதை மலச்சிக்கல் என்று அஞ்ச வேண்டியதில்லை. வெளிறிப்போய்ச் சுண்ணாம்புபோல் உதிரும் மலமும், முக்கி முக்கிக் கழிப்பதும் எலும்பு மிகுந்துவிட்டதைக் காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரும் பெரிய கேள்வி எஞ்சி நிற்கிறது, ஏனெனில் சத்துக் குறைபாடு வயிற்றில் தெரிவதில்லை. எலும்பில்லாத தசை இறைச்சியில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரஸ் 15 மடங்குக்கும் மேல் இருக்கும். அதை மட்டுமே உண்ணும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி எடுத்துக்கொள்ள, நடக்கும்போதே கால் முறியும் நிலை வருகிறது. விலை மலிவென்று நாள்தோறும் ஈரலையே தந்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். கெண்டை, நெத்திலி இனங்களைச் சேர்ந்த சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. மீனையே பச்சையாகத் தொடர்ந்து உண்ணும் பூனை தலையைத் தூக்க இயலாமல் கழுத்தைக் கீழ்நோக்கி வளைத்துத் தள்ளாடுவதன் காரணம் அதுவே. வேகவைத்தால் அந்நொதி செயலிழந்துவிடும். இத்தகைய பூனைகள் நோயுறும் நாள்வரை கெட்டியான மலமே கழித்திருக்கக்கூடும்.

மாற்றத்தை விரும்புவோர் ஏழு முதல் பத்து நாள் வரை புதிய உணவின் பங்கை மெல்ல உயர்த்துவது பொதுவான வழக்கம்; மென்மையான வயிறுள்ள பூனைக்கு அதுவே பல வாரங்கள் ஆகலாம். கொழுப்பு குறைந்த ஒரே வகை இறைச்சியில் தொடங்கி, மலம் இளகினால் முந்தைய அளவுக்கு இறங்கி, அது சரியான பின்னரே அடுத்த அளவுக்கு ஏற வேண்டும். சமைத்த இறைச்சியை வைத்து விலங்கு உணவியல் அறிந்த மருத்துவர் வகுத்துத் தரும் முழுமையான உணவுமுறை, தொற்றின் அச்சமின்றி அதே பயனைத் தரும். குட்டிப் பருவத்தில் எந்த மணத்தையும் பதத்தையும் அறிந்து வளர்ந்ததோ அதையே உணவென்று கொள்ளும் இயல்பு பூனைக்கு உண்டு. ஆதலால் எத்தனை வாரம் முயன்றாலும் பச்சை இறைச்சியை ஏற்காத பூனைகள் இருக்கவே செய்யும். அவற்றைச் சத்து நிறைந்த பழைய உணவிலேயே விட்டு, தண்ணீர் மிகுதியாகக் குடிக்க வழிசெய்து கொடுத்தால் போதும்.