நடந்து படிக்கும் வியாபாரக் கணக்கு

வெளியூர்களிலிருந்து கொள்முதலுக்காகக் கொழும்பு வரும் வியாபாரிகள் பலர், வழமையான இரண்டு கடைகளில் ஓடர் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகின்றனர். ஒருமுறையாவது அரை நாளை ஒதுக்கி, புறக்கோட்டையிலிருந்து காலிமுகத்திடல் வரை நடந்து பாருங்கள். நான் கொழும்பு போகும்போதெல்லாம் நடப்பதுண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: போட்ட முதல் எத்தனை நாளில் காசாகத் திரும்புகிறது?

நான்காம் குறுக்குத் தெருவில் ஆரம்பியுங்கள். அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம் எல்லாம் மொத்தமாக விலைபோகும் இடம் அது. நாட்டாமிமார் வண்டியில் தள்ளிவரும் மூட்டைகள் வெளியூர் லொறிகளில் ஏறிக்கொண்டே இருக்கும். கிலோவுக்குக் கிடைப்பது சிறு இலாபம்தான். ஆனால் சரக்கு தங்குவதில்லை. (மெனிங் சந்தையின் மரக்கறி மொத்த வியாபாரம் 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.)

அடுத்து, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் இருக்கும் இரண்டாம் குறுக்குத் தெரு. அந்தப் பக்கத்துப் புடைவைக் கடைகளில் இலாப வீதம் கூடுதல். ஆனால் பெருநாளைக்கு விலைபோகாத டிசைன் அடுத்த பெருநாள் வரை முதலைக் கட்டிப்போடும். செட்டியார் தெருவில் நகை மாதக்கணக்கில் காத்திருந்தாலும் தங்கத்தின் பெறுமதி மிஞ்சும். பழைய டிசைன் துணிக்கு அந்த வசதி கிடையாது.

அங்கிருந்து கோட்டை வழியாக நடந்து மாலையில் காலிமுகத்திடலை அடையலாம். இஸ்ஸோ வடை விற்பவரின் வண்டி அருகே சற்று நில்லுங்கள். பருப்பு வடையின் மேல் இறால், அதன் மேல் வெங்காயமும் மிளகாய்ச் சாறும். இறாலை நாளைக்கு வைத்திருக்க முடியாது. மழை பெய்தால் கூட்டமும் இல்லை. ஆகவே அவர் வானத்தையும் கிழமையையும் பார்த்தே சரக்கு வாங்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. 10,000 ரூபாய் முதல் தினமும் 10 வீத இலாபத்துடன் திரும்பினால், 25 நாளில் 25,000 ரூபாய். 100,000 ரூபாய்ச் சரக்கு 20 வீத இலாபத்துடன் விற்று முடிய மூன்று மாதம் சென்றால், கிடைப்பது 20,000 ரூபாய். இரண்டிலும் செலவு கழிக்க வேண்டும். என்றாலும் முதலைப் பெருக்குவது வீதம் மட்டுமல்ல, சுழற்சியும்தான் என்பது இதில் விளங்கும்.

நம்மில் அநேகர் பிந்திய திகதியிட்ட காசோலைக்கே சரக்கு எடுக்கிறோம். 60 நாள் காசோலை கொடுத்து எடுத்த சரக்கு தட்டில் 90 நாள் கிடந்தால், 60ஆம் நாள் வங்கிக்குப் பதில் சொல்வது யார்? காசோலை திரும்பினால் பணத்தோடு சந்தையில் உள்ள பெயரும் போகும்.

இவ்வாரம் உங்கள் கடையின் பத்துப் பொருட்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கிய திகதி, விற்று முடிந்த திகதி, காசோலைத் திகதி மூன்றையும் குறியுங்கள். காசோலைத் திகதிக்குப் பின்னர் விற்று முடியும் பொருளை அடுத்த முறை பாதியாகக் குறைத்து எடுங்கள்.