பெற்றோரும் ஒரு காலத்தில் பிள்ளைகளே



பாடசாலைகளில் பெற்றோருக்கான வழிகாட்டல் கூட்டங்கள் நடைபெறுவதை நாம் அறிவோம். பிள்ளையை அடிக்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், நாளும் சிறிது நேரம் அதனோடு பேசுங்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. எல்லாம் நல்ல அறிவுரைகளே. கேட்கும் பெற்றோரும் தலையாட்டுகின்றனர். ஆனால் அன்று மாலையே பிள்ளை சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டால் கை தானாக ஓங்குகிறது. அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் பலர் வருவதில்லை. உடனே, "இந்தப் பெற்றோருக்கு அக்கறை கிடையாது" என்று தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது.

இத்தீர்ப்பு சரியானதல்ல. கூட்டத்துக்கு வரும் தாயும் தந்தையும் தாம் வளர்ந்த விதத்தையும் சுமந்துகொண்டே வருகின்றனர். அச்சுமையைக் கண்டுகொள்ளாமல் நடத்தப்படும் பாடம் மனதில் இறங்காது. இதனையே இப்பாடத்தில் சிந்திப்போம்.

இன்றைய பெற்றோர் யார்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் எமது கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். 1990 இல் எட்டு வயதாயிருந்த பிள்ளை இன்று நாற்பதைத் தாண்டிய தகப்பன். அவ்வாண்டின் வன்செயல்களால் முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள் இரண்டுமே ஊரையும் வயலையும் விட்டு ஓடின. வட்டைக்குப் போன வாப்பா திரும்பி வருவாரா என்று வாசலில் காத்திருந்த பிள்ளைகள் அன்று பலர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதைத் தாண்டிய உம்மா. அன்றைய கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தனர்.

அந்நாட்களில் இடம்பெயர்ந்தோருக்கு அடைக்கலம் கொடுத்த இடங்களில் பாடசாலைகளும் அடங்கும். ஆகவே சிலருக்குப் பாடசாலை மண்டபம் என்பது வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாயில் படுத்த முகாம். வேறு சிலருக்குப் பிரம்படியும் அவமானமும் நினைவுக்கு வரும் இடம். பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005 இல் வெளிவந்தது.  அத்தகைய மண்டபத்துக்கு மீண்டும் அழைக்கப்படும்போது கால் தயங்குவது இயல்பு.

பால்யம் திரும்பி வரும் மூன்று வழிகள்

முதலாவது, அப்படியே திரும்பச் செய்தல். "அடியாத மாடு படியாது, எனக்கு அடித்ததால்தான் நான் மனிதனானேன்" என்று சொல்பவர் பலர். அடித்த தகப்பனைக் குறை சொல்ல மனம் வராததால், அடியையே நல்லது என்று நம்பிவிடுகின்றனர்.

இரண்டாவது, நேர் எதிராகச் செய்தல். "நான் பட்டதை என் பிள்ளை படக்கூடாது" என்று கேட்டதையெல்லாம் கடன்பட்டும் வாங்கிக் கொடுப்பவர் உண்டு. இடம்பெயர்வால் தமது படிப்பு குழம்பியவர், பிள்ளையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தமது இழப்பையெல்லாம் மீட்க எண்ணுகிறார். அந்தப் பாரம் முழுவதும் பத்து வயதுத் தலையில் ஏறுகிறது.

மூன்றாவது, விலகி நிற்றல். உம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, உறவினர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்த ஒருவருக்குப் பிள்ளையைக் கட்டியணைக்கக் கூச்சமாயிருக்கலாம். அன்பு இல்லாமலில்லை. அதைக் காட்டும் முறையை அவர் பார்த்து வளரவில்லை.

ஆய்வுகள் கூறுவது

கடற்கோளுக்குப் பின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008 இல் வெளிவந்தது. போரைக் கூடுதலாக அனுபவித்த பிள்ளைகளும், குடிக்கும் தந்தையரின் பிள்ளைகளும் வீட்டிலும் கூடுதலான வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். வெளியே நடந்த போர் வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை என்பதே இதன் பொருள்.

அப்படியானால் துன்பப்பட்டு வளர்ந்த எல்லோரும் பிள்ளையைத் துன்புறுத்துவார்களா? இல்லை. அமெரிக்காவில் செல்மா ஃபிரைபேர்க் என்பவரும் அவரது சகாக்களும் 1975 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. நடந்த சம்பவத்தை மட்டும் நினைவில் வைத்து, அப்போது பட்ட வேதனையை மறைத்துவிட்ட பெற்றோரே அதைத் தம் பிள்ளைக்குத் திரும்பச் செய்யக் கண்டனர். "அன்று எனக்கு எவ்வளவு பயமாயிருந்தது" என்று அந்த வேதனையை உணர முடிந்தவர்களை, அவ்வுணர்வே தடுத்து நிறுத்தியது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னரும் சகாக்களும் பல தசாப்தங்களாகக் கவனித்தனர். மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் நல்ல மனிதராக வளர்ந்தனர். அவர்களுக்கு உதவியவற்றுள் ஒன்று, பாட்டி போன்ற அன்பான ஒருவரின் நிலையான துணை. எமது கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வதால், தாய்வழிப் பாட்டியும் சாச்சிமாரும் அடுத்த வளவிலேயே இருப்பது வழக்கம். இடம்பெயர்வு இந்த வேலியையும் பல இடங்களில் பிரித்துப் போட்டது.

கூட்டத்தை எப்படி நடத்தலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நீங்களும் அங்கத்தவர்கள். பின்வருவனவற்றை அதிபரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

1. காலம்: அறுவடை நாட்களையும் வெள்ளி ஜும்ஆ நேரத்தையும் தவிர்க்க வேண்டும். தகப்பன்மாருக்குப் பின்னேரக் கூட்டம் வசதி.

2. இருக்கை: மேடை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்வது நல்லது. தாய்மாருக்குத் தனி வட்டம் அமைத்தால் தயக்கமின்றிப் பேசுவர்.

3. தொடக்கம்: அறிவுரையால் தொடங்காமல் ஒரு கேள்வியால் தொடங்கலாம். "சின்ன வயதில் உங்களை யார் ஆறுதல்படுத்தினார்?" என்பது நல்ல கேள்வி. இனிய நினைவு வந்த பின்பே கசந்த நினைவுக்குச் செல்ல வேண்டும்.

4. எல்லை: எவரையும் பேச வற்புறுத்தக்கூடாது. யார் அடித்தார், எந்த இனத்தவர் செய்தார் என்ற விசாரணை இங்கே வேண்டாம். பிள்ளையாக நாம் என்ன உணர்ந்தோம் என்பதே பேச்சு. கேட்டவை வட்டத்துக்கு வெளியே போகக்கூடாது. இரவில் நித்திரையின்றித் தவிப்பவரை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்போடு வழிப்படுத்த வேண்டும்.

5. முடிவு: ஒருவர் ஒரு செயலை மட்டும் தெரிவு செய்யட்டும். உதாரணமாக, கோபம் வந்தால் முற்றத்துக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வருதல். அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா எனப் பேசுவோம்.

கமக்காரருக்கு இது புதிதல்ல. தண்ணீர் எப்போதும் பழைய வாய்க்காலிலேயே ஓடும். திட்டினால் திரும்பாது. பழைய வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்த்து, வரம்பை வெட்டிப் புதிய வழி விடுபவருக்கே அது திரும்பும். முதற்போகத்தில் வாய்க்கால் உடைந்தால் இரண்டாம் போகத்தில் மீண்டும் வெட்டுகிறோம். பிள்ளை வளர்ப்பிலும் அவ்வாறே. ஒருநாள் கை ஓங்கிவிட்டால், மறுநாள் பிள்ளையிடம் "நான் அப்படிச் செய்திருக்கக்கூடாது, மகன்" என்று சொல்லலாம். எம்மில் பலர் பெற்றோரிடமிருந்து கேட்டிராத சொல் அது. எமது பிள்ளைகள் கேட்டு வளரட்டும்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. நீங்கள் சிறுவயதில் பயந்தபோது யாரிடம் ஓடினீர்கள்? இன்று உங்கள் பிள்ளை யாரிடம் ஓடுகிறது?

2. உங்கள் பெற்றோர் செய்தவற்றில் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புவது எது? உங்களோடு நிறுத்த விரும்புவது எது?

3. இடம்பெயர்வால் பிரிந்த பாட்டி, சாச்சி, மாமா ஆகியோரைப் பிள்ளையின் வாழ்வில் மீண்டும் சேர்க்க உங்கள் கிராமத்தில் என்ன செய்யலாம்?