சிசுவின் ஈறில் தோன்றும் சதைக் கட்டி

பிறந்த குழந்தை வாய் திறந்து அழுகிறது. மேல் ஈறின் முன்புறத்தில், சிவந்த கோலிக்குண்டு போல ஒரு சதை உருண்டு நிற்கிறது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததன் பலன் என்பார் ஒருவர். தாய்வீட்டு வம்ச தோஷம் என்பார் மற்றொருவர். பெற்றவள் மீது வீணே பழி விழுகிறது.

இது தோஷமும் அன்று, புற்றுநோயும் அன்று. மிக அரிதான இக்கட்டியை 1871-ஆம் ஆண்டில் நியூமன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் முதன்முதலாக விவரித்தார். கருவிலேயே உண்டாகும் இது, ஆண் சிசுக்களைவிடப் பெண் சிசுக்களிடம் ஏறத்தாழ 8 மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. பிறந்த பின் வளர்வதில்லை. சிறியதாயின் சில சமயம் தானே சுருங்கிவிடுவதும் உண்டு. பெரியதாயின் குழந்தையால் மார்பைக் கவ்விப் பாலருந்த இயலாது. ஆபத்து அந்தப் பசியில்தான் இருக்கிறது.

மற்றோர் ஆபத்து நம் கைகளால் நேர்வது. மருவுக்குக் குதிரைமயிர் கட்டுவதுபோல் இதற்கும் நூல் கட்டுவதோ, பிளேடால் நறுக்குவதோ கூடவே கூடாது. கட்டியின் காம்பில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் உள்ள மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான். பிறந்த சில நாட்களில் அந்த இரத்தம் எளிதில் உறைவதுமில்லை. பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடுவது இதற்காகவே. அசுத்தமான நூலாலும் பிளேடாலும் ரண ஜன்னி காணவும் இடமுண்டு.

மருத்துவமனையில் இதை ரண சிகிச்சையால் அகற்றிவிடுகிறார்கள். அகற்றிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, இன்ன கட்டி என்று உறுதி செய்வார்கள். இக்கட்டி மீண்டும் முளைப்பதில்லை. பிற்காலத்தில் பற்களும் முறைப்படி வருகின்றன.

ஈறில் அரிசிக் குருணை போன்ற வெண்ணிறப் புள்ளிகள் மட்டும் இருப்பின், அது வேறு. சில வாரங்களில் அவை தாமே மறையும். துணி கொண்டு தேய்க்கும் பாட்டிமார்களைத் தடுத்தால் போதும்.

கட்டியுள்ள குழந்தை பிறந்த செய்தி எட்டியதும், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்து, குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்க வேண்டும். அதுவரை தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்து, குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறுகச் சிறுகப் புகட்டலாம். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ பால் புகட்டாமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.