பணியிடத்தில் மனநலம்: தொழில் நடத்துவோரும் பணியாளரும் அறிய வேண்டியவை

நம்மவர் பலர் மனச்சோர்வைச் சொல்லி விடுப்புக் கேட்பதில்லை. தலைவலி என்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள். முதுகு பிடித்துக்கொண்டால் தயங்காமல் கூறும் ஒருவர், மூன்று வாரமாக உறக்கமின்றித் தவிப்பதை மறைத்துக்கொண்டே வேலைக்கு வருகிறார். நியூசிலாந்துச் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை. பணியிட உடல்நலம் மற்றும் பாதுகாப்பு தொடர்பான 2015ஆம் ஆண்டுச் சட்டம், 2016 ஏப்ரல் 4 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் ‘நலம்’ என்னும் சொல் உடல்நலம், மனநலம் இரண்டையும் குறிக்கும்.

இதன் விளைவு பெரிது. ஈரத் தரையில் எவரும் வழுக்கி விழாமல் காப்பது தொழில் நடத்துபவரின் கடமை என்றால், வேலை நடக்கும் முறையால் பணியாளரின் மனம் நலியாமல் இயன்றவரை காப்பதும் அவரது கடமையே. சாண்ட்ரிங்கம் சாலையில் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது பணியாளரின் மனத்திடத்தை அன்று, வேலையின் அமைப்பை. அடுத்த வார வேலை நேரம் ஞாயிறு இரவில்தான் வாட்ஸ்அப்பில் தெரியவருகிறதா? எட்டு மணி நேர வேலையில், ஊதியத்துடன் கூடிய இரண்டு 10 நிமிட ஓய்வுகளும் 30 நிமிட உணவு இடைவேளையும் உண்மையில் கிடைக்கின்றனவா? வசைபாடும் வாடிக்கையாளரைப் பணியாளர் தனியாக எதிர்கொள்ள வேண்டியுள்ளதா? விடுமுறை நாளிலும் அழைப்பு வருகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் “தைரியமாக இருங்கள்” என்று கூறுவது, ஒழுகும் கூரையின் கீழ் நிற்பவருக்குத் துண்டு கொடுப்பது போன்றது.

பேச்சைத் தொடங்குவதிலும் கவனம் தேவை. பிறர் முன்னிலையில் “என்ன ஆயிற்று உங்களுக்கு?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பதே விடையாக வரும். தனியே அழைத்து, “இரண்டு வாரமாக நீங்கள் சோர்ந்திருப்பதுபோல் தெரிகிறது. வேலையில் எதை மாற்றினால் உதவியாக இருக்கும்?” என்று கேளுங்கள். நோயின் பெயரைத் துருவ வேண்டியதில்லை. கேட்டதை வேறு எவரிடமும், குறிப்பாகக் கோயிலிலோ சங்கக் கூட்டத்திலோ, பகிரக் கூடாது. நம் சமூகம் சிறியது. அந்த அச்சமே பலரின் வாயை அடைக்கிறது.

பணியாளர்கள் அறிய வேண்டியது: பொதுவாக, ஆறு மாதப் பணிக்குப் பின் ஆண்டுக்கு 10 நாள் நோய் விடுப்பு உண்டு. 2021 சூலை 24க்கு முன் அது 5 நாளாக இருந்தது. மனநலக் குறைவுக்கும் இதைப் பயன்படுத்தலாம். மருத்துவச் சான்றில் பணிக்கு வர இயலாது என்றிருந்தால் போதும். நோயின் விவரம் தேவையில்லை. மூன்று நாள் ஆகும் முன்பே சான்று கேட்டால், அதற்கான நியாயமான செலவை முதலாளியே ஏற்க வேண்டும்.

விசா முதலாளியோடு பிணைந்திருக்கும்போது வாய்திறக்க அஞ்சுவது இயல்பு. ஆயினும் 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம், மனநோயைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. பணியிடத்தில் அநீதி நேர்ந்தால், முறையீட்டை முதலாளியிடம் பொதுவாக 90 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும் என்பதால் காலம் கடத்த வேண்டாம். முதற்கட்ட ஆலோசனையைக் குடிமக்கள் ஆலோசனை மையத்தில் (0800 367 222) கட்டணமின்றிப் பெறலாம்.

பயிற்சி பெற்ற ஆலோசகருடன் பேச, எந்நேரமும் 1737 என்ற எண்ணை அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம், கட்டணமில்லை. உயிருக்கு ஆபத்து எனில் 111. மருத்துவரிடம் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் தேவையானால், நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை அப்பணிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.