மரத்தைப் புதைத்து ஒரு பாத்தி: மேடா, குழியா?



ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம்ம கேம்பஸ்ல நாலைந்து கிளையாவது ஒடிஞ்சு விழும். ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் கூடை கூடையாகக் காய்கறித் தோல் விழும். ரெண்டுமே கடைசியில் குப்பையாகத்தான் போகும். இந்த ரெண்டையும் மண்ணுக்குள்ள போட்டு அது மேலேயே காய்கறி வளர்க்கலாம்னு தெரிஞ்சதும், மூன்றாம் வருஷத்தில் நானும் என் ரூம்மேட்டும் களத்தில் இறங்கினோம். முதல் பாத்தி முழுத் தோல்வி. ரெண்டாவது பாத்தி இப்போ காய்ச்சுக்கிட்டு இருக்கு. நடுவில் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

அது என்ன முறை?

ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஹூகல்குல்டூர்' என்று பெயர். 'ஹூகல்' என்றால் சிறு குன்று, 'குல்டூர்' என்றால் சாகுபடி. 1962-ல் ஹெர்மன் ஆண்ட்ரே என்பவர் எழுதிய ஒரு சிறு தோட்டக்கலை நூலில் இந்தப் பெயர் அச்சில் வந்தது. பிறகு ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர் இதைப் பல நாடுகளிலும் பிரபலமாக்கினார். அவர் நடத்தி வந்த கிராமெட்டர்ஹோஃப் பண்ணை ஆல்ப்ஸ் மலையில், சுமார் 1,100 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

முறை ரொம்ப சிம்பிள். அடியில் பெரிய மரக்கட்டைகள். அதன் மேல் சுள்ளி, காய்ந்த இலை. அதன் மேல் பச்சைக் கழிவு, சாணம். எல்லாவற்றுக்கும் மேலே மண். மொத்தம் ஒரு நீளமான மேடு. கட்டை மெதுவாக மட்கும். மட்கிய மரம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தும் வெளியே வரும்.

எங்க முதல் பாத்தி ஏன் செத்தது?

வீடியோவில் பார்த்ததை அப்படியே காப்பி அடித்தோம். பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததும் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு. தோட்டத்தைப் பார்த்துக்கிற அண்ணன் வந்து பார்த்துட்டு, "யாரைத் தம்பி புதைச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். நாங்க சிரிச்சுட்டு, அதில் கத்தரி, மிளகாய் நாற்று நட்டோம். கார்பென்டரி ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடந்த மரத்தூள் ரெண்டு மூட்டையை மேல்மண்ணோடு கலந்துவிட்டோம். "ஆர்கானிக் தானே, நல்லதுதான்"னு நினைப்பு.

மூணே வாரத்தில் இலை எல்லாம் மஞ்சள். பங்குனி வெயில் வந்ததும் ஊத்துற தண்ணீர் சரிவில் ஓடி வெளியே போச்சு. சித்திரையில் மேடு மட்டும்தான் மிச்சம். அண்ணன் சொன்னதைப் போலவே சமாதி!

இதில் ரெண்டு தனித்தனித் தப்பு இருக்கு. ஒன்று கெமிஸ்ட்ரி, இன்னொன்று பவுண்டரி கண்டிஷன்.

முதல் தப்பு: கார்பன், நைட்ரஜன் கணக்கு

மரத்தை மட்க வைப்பது பூஞ்சைகளும் பாக்டீரியாவும். அவற்றுக்கு எரிபொருள் கார்பன், உடம்பு கட்ட நைட்ரஜன். சுமார் 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். தோராயமாகப் பார்த்தால் காய்கறிக் கழிவில் இந்த விகிதம் 15–20, மாட்டுச் சாணத்தில் 20 பக்கம், காய்ந்த இலையில் 40–80, மரத்தில் 300–500. கழிவில் நைட்ரஜன் போதவில்லை என்றால் நுண்ணுயிர்கள் சும்மா இருக்காது. பக்கத்து மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும், இலை மஞ்சளாகும்.

சரி, காய்கறிக் கழிவு போட்டு ஈடுகட்டலாமா? ஒரு கணக்கு போடுவோம். 10 கிலோ காய்ந்த மரத்தில் பாதி, அதாவது 5 கிலோ, கார்பன். விகிதம் 400 என்று வைத்தால் நைட்ரஜன் வெறும் 12.5 கிராம். உலர் எடையில் 20 கிலோ காய்கறிக் கழிவு சேர்த்தால், 40 சதவீதம் கார்பன் என்று வைத்து, 8 கிலோ கார்பனும் 400 கிராம் நைட்ரஜனும் வரும். மொத்தம் 13 கிலோ கார்பன், 412.5 கிராம் நைட்ரஜன். விகிதம் சுமார் 31.5. ஓகே தான். ஆனா காய்கறியில் 80 சதவீதம் தண்ணீர் என்று எடுத்தால், அந்த 20 கிலோவுக்கு 100 கிலோ ஈரக் கழிவு வேணும். 10 கிலோ மரத்துக்கு 100 கிலோ!

அப்போ இந்த முறையே பொய்யா? இல்லை. இங்கேதான் சர்ஃபேஸ் ஏரியா வருது. நுண்ணுயிர்கள் முதலில் வேலை செய்வது மரத்தின் மேற்பரப்பில். உருளைக்கு, ரெண்டு முனைகளையும் விட்டுவிட்டால், பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள விகிதம் 4/d. 20 செ.மீ. கட்டைக்கு ஒரு கனமீட்டருக்கு 20 சதுர மீட்டர். 2 செ.மீ. சுள்ளிக்கு 200. 1 மி.மீ. மரத்தூளைக் கோளமாக எடுத்தால் 6/d, அதாவது 6,000. ஒரே அளவு மரம், தூளாக்கினால் 300 மடங்கு அதிகப் பரப்பு, அத்தனை மடங்கு வாய்கள். பெரிய கட்டை நைட்ரஜனைத் தவணையில் கேட்கும். தூள் ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கும். அதுவும் கட்டை வேருக்கு ரொம்பக் கீழே இருக்கு. நாங்க தூளைக் கலந்ததோ வேர் இருக்கும் இடத்திலேயே.

ஆக முதல் விதி: கட்டை அடியில் மட்டும். மரத்தூளை மேல்மண்ணோடு கலக்கவே கூடாது.

இரண்டாவது தப்பு: ஆல்ப்ஸ் டிசைனை மதுரைக்குக் கொண்டு வந்தது

ஹோல்சர் ஏன் மேடு போட்டார்? அவர் ஊரில் பிரச்சனை குளிர். மேடாக்கினால் சரிவில் வெயில் நல்லா விழும், மண் சீக்கிரம் சூடாகும், கூடுதல் தண்ணீர் வடியும். நமக்குப் பிரச்சனை நேர் எதிர். மதுரைப் பக்கம் சித்திரை வெயிலில் மண்ணைச் சூடாக்க யாரும் தேவையில்லை. மேடு என்றால் வெளியில் தெரியும் பரப்பு அதிகம். மூணு பக்கமும் வெயில், காத்து. ஈரம் எப்படி நிற்கும்?

இதை எனக்குப் புரிய வைத்தது டெக்ஸ்ட்புக் இல்லை, அதே அண்ணன்தான். "தம்பி, எங்க ஊர்ல தென்னைக்குத் தேங்கா மட்டையைப் புதைப்போம். குழிஞ்ச பக்கம் மேல பாக்குற மாதிரி அடுக்கணும், அப்பதான் தண்ணி நிக்கும். எதையும் உள்ள போட்டாத்தான் ஈரம் இருக்கும். நீங்க மேல தூக்கி வெச்சா காத்து குடிச்சிரும்" என்றார். மட்டை புதைப்பது நம்ம ஊர்த் தென்னந்தோப்புகளில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். தத்துவம் ஒண்ணுதான். திசைதான் வேற.

ஆக இரண்டாவது விதி: மேட்டைத் தலைகீழாக்கிக் குழியாக்குங்க.

வாங்க, செய்யலாம்

இடம்: குறைந்தது அரை நாள் வெயில் வேண்டும். கட்டடச் சுவரில் இருந்து நல்லாத் தள்ளி இருக்கட்டும். கரையான் கண்டிப்பா வரும். மரத்தை உடைப்பதில் அதுக்கும் பங்கு உண்டு, ஆனா கிளாஸ்ரூம் கதவுக்கு வழி காட்டிவிடாதீங்க. தண்ணீர் தேங்கும் பள்ளமும் வேண்டாம், வேர் அழுகும்.

குழி: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். அகலம் இதுக்கு மேல போனால் நடுவில் கை எட்டாது. தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவியுங்க.

கட்டை: அடியில் 25 செ.மீ. உயரத்துக்கு. பாதி மட்கிய, கையில் பிய்யும் கட்டை கிடைத்தால் லக். புதுக் கட்டை முதல் வருஷம் ஸ்பாஞ்சாக வேலை செய்யாது. தேக்கு மட்க ரொம்ப நாளாகும். தைல மரம் மற்ற செடிகளை வளர விடாது. பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். முருங்கை, பூவரசு, கிளைரிசிடியா என்றால் நல்லாக் காய வைத்துப் போடுங்க. பச்சையாகப் புதைத்தால் அதுவே துளிர்த்து உங்க பாத்தியில் மரமாகும்! அடுக்கும்போதே இடைவெளியில் அடிமண்ணைத் தள்ளி, நிறையத் தண்ணீர் ஊத்துங்க. இதை விட்டால் பின்னால் மண் பொந்து பொந்தாக இறங்கும்.

சுள்ளியும் இலையும்: 15 செ.மீ. காலால் மிதித்து அமுக்குங்க. மறுபடியும் தண்ணீர்.

பச்சைக் கழிவும் சாணமும்: 10 செ.மீ. காய்கறித் தோல், டீத்தூள், வெட்டிய புல் எல்லாம் ஓகே. சாம்பார் சாதம், எண்ணெய்ப் பலகாரம் போடாதீங்க. உப்பு சேரும், எலி வரும். பூத்த பார்த்தீனியமும் கோரைக் கிழங்கும் வேண்டாம்.

மேல்மண்: மட்கிய தொழுவுரம் கலந்து 25 செ.மீ. இப்போ பாத்தி தரையை விட 15 செ.மீ. உயரமா இருக்கும். பயப்படாதீங்க, மட்க மட்க இறங்கும். மிச்ச மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மேலே காய்ந்த இலை மூடாக்கு.

நேரம்: ஆவணி, புரட்டாசியில் முடிச்சிடுங்க. வடகிழக்குப் பருவமழை வந்து கட்டையை ஊற வைக்கும். நாங்க முதல் தடவை தையில் ஆரம்பித்தோம். ஸ்பாஞ்சைக் காய வைத்துவிட்டு வெயிலை எதிர்கொண்ட கதை அது.

என்ன நடலாம்?

முதல் வருஷம் காராமணி, அவரை, கொத்தவரை. இவற்றின் வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றில் இருந்து நைட்ரஜன் எடுத்துக் கொடுக்கும். அதனால் மரத்தோடு சண்டை குறைவு. ஓரத்தில் ஒரு பூசணி போட்டால் கொடி படர்ந்து மண்ணை மூடும். கத்தரி, மிளகாய், தக்காளியை ரெண்டாம் வருஷத்துக்கு வைங்க. கேரட், முள்ளங்கி வேண்டாம், அடியில் சுள்ளியில் முட்டிக் கோணலாகும்.

"தண்ணியே ஊத்த வேண்டாம்"னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க. முதல் வருஷம் ஊத்தித்தான் ஆகணும். மட்கிய மரம் எவ்வளவு பிடிக்கும்னு பார்க்கணும்னா, ஒரு துண்டைக் காய வைத்து எடை போடுங்க, ஒரு நாள் ஊற வைத்து மறுபடி போடுங்க. புதுக் கட்டையிலும் அதையே செய்யுங்க. வித்தியாசம் அங்கேயே தெரியும்.

கடைசியா ஒண்ணு

ரெண்டாவது பாத்தியைப் போன புரட்டாசியில் மூடினோம். தையில் மெஸ்ஸுக்கு ஒரு முறம் காராமணி கொடுத்தோம். மெஸ் அக்கா அதில் பொரியல் பண்ணினாங்க, எல்லாருக்கும் ஒரு கரண்டி கூட வரல. ஆனா செமயா இருந்துச்சு.

கட்டை இப்போதான் மட்க ஆரம்பிச்சிருக்கு. அது நல்ல ஸ்பாஞ்சாக இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். அப்போ நான் இங்கே இருக்க மாட்டேன். இப்போ ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற நீங்க இருப்பீங்க. இந்தக் கோடை லீவுதான் அதுக்குப் பெரிய கண்டம். அண்ணன் ஒருத்தரே கேம்பஸ் முழுக்கப் பார்க்கணும், அவருக்கு இதையும் சேர்த்து வைக்க மனசு வரல. லீவில் ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் இருப்பவங்க யாராவது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நாலு குடம் ஊத்தினால் போதும். பாய்ஸ் ஹாஸ்டல் பின்பக்கம், தண்ணீர் டேங்குக்கு வலது பக்கம். மேடு மாதிரி தெரியாது. காராமணிக் கொடியை வைத்துக் கண்டுபிடிங்க.