பூச்சுக்குக் கீழே ஒரு விரிசல்



இந்தப் பாடம் ஒரு மாடல் ராக்கெட் கிட்டைக் கட்டுவது பற்றியது. "எனக்கு ஃபிசிக்ஸே வராது, இது எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கத்தி, பசை, மணல்தாள், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும். பொறுமைதான் என்னிடம் இல்லாமல் போனது. அதனால் என்ன நடந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, எங்கள் ராக்கெட் கழகம் ஒரு திறந்தநாள் நிகழ்ச்சி நடத்தியது. முறையான அனுமதி வாங்கி, விரிவுரையாளர் முன்னிலையில் மாடல் ராக்கெட்டுகளை ஏவினோம். அதில் ஒன்று நான் கட்டியது. முதல் நாள் நள்ளிரவில், அவசரத்தில் ஒரு துடுப்பு விரிந்துவிட்டது. மாற்று மரம் கையில் இல்லை. விரிசலில் மரமாவுப் பூச்சை அடைத்தேன், தேய்த்தேன், மேலே பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். காலையில் பார்த்தால் எது உடைந்த துடுப்பு என்று எனக்கே தெரியவில்லை.

திடலில் சீனியர் அண்ணன் கேட்டார்: "எல்லாம் ஓகேவா?"

"ஓகே அண்ணே."

ராக்கெட் ஒரு தென்னை மரம் உயரம்தான் நேராகப் போனது. அந்தத் துடுப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. ராக்கெட் தலைகீழாகச் சுழன்று, மோட்டார் எரிந்தபடியே, பெற்றோரும் பிள்ளைகளும் நின்ற பக்கம் திரும்பியது. ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு நாலைந்து அடி தள்ளிப் புல்லில் குத்தியது. யாருக்கும் அடிபடவில்லை. "கிட்டு மட்டம் போல," என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வருவோம். இப்போது வேலையைத் தொடங்கலாம்.

1. மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிட்டுக்குள் இருக்கும் மெல்லிய பலகை பால்சா மரம். அமெரிக்க வெப்ப மண்டலத்தில் வளரும் மரம் இது. உலகத்துக்கு அதிகமாக அனுப்புவது எக்குவடோர் நாடு. ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். 1947-இல் தோர் ஹெயர்டாலும் அவருடைய ஐந்து கூட்டாளிகளும் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, பால்சாக் கட்டைகளால் கட்டிய 'கோன்-டிக்கி' தெப்பத்தில் 101 நாள் பசிபிக் கடலில் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலிலும், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா இருந்தது.

ஒரு கன மீட்டர் பால்சா ஏறக்குறைய 160 கிலோ எடை இருக்கும். தண்ணீர் 1000 கிலோ. இவ்வளவு லேசான மரத்துக்கு எங்கிருந்து பலம் வருகிறது? நார் ஓடும் திசையிலிருந்து. நார் ஓடும் திசையில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். நாருக்குக் குறுக்கே மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி பாடம் முடிந்தது.

2. பலகையிலிருந்து துண்டைப் பிரிப்பது

இப்போது வரும் கிட்டுகளில் துண்டுகளை லேசரால் வெட்டியிருப்பார்கள். ஆனால் அங்கங்கே சின்னச் சின்ன இடங்களை வெட்டாமல் விட்டிருப்பார்கள், துண்டுகள் பெட்டிக்குள் உதிராமல் இருக்க. கட்டைவிரலால் அமுக்கினால் 'டப்'பென்று வந்துவிடும் போலத் தோன்றும். செய்யாதீர்கள். புதுப் பிளேடு போட்ட கத்தியால் அந்த இடங்களை முன்பக்கமும் பின்பக்கமும் மெதுவாக வெட்டுங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் மரத்தை வெட்டாது, நசுக்கும். கத்தி போகும் வழியில் இன்னொரு கை இருக்கக்கூடாது. வயது குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டிய கிட்டில் நான்கு துடுப்புகள். ஒவ்வொன்றும் மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்வது. ஒரே துண்டாக வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். துடுப்பின் முன்விளிம்பு சாய்வாக இருக்கும். நார் அந்தச் சாய்வோடு சேர்ந்து ஓடினால்தான் பலம். வளைந்த வடிவத்துக்கு ஒரே துண்டு போட்டால் எங்காவது ஓர் இடத்தில் நார் குறுக்கே விழும், அங்கேதான் உடையும். அதனால்தான் துண்டு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நார் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று படத்தில் காட்டியிருக்கிறார்கள்.

மேசையில் படத்தை விரித்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, அதன்மேல் துண்டுகளை வைத்து ஒட்டுங்கள். பசை படத்தில் பிடிக்காது. ஊசிகளால் நிறுத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

3. தேய்ப்பது

கடையில் 'கெர்தாஸ் பாசிர்' என்று கேட்டால் மணல்தாள் கொடுப்பார்கள். 220 எண் ஒன்று, 400 எண் ஒன்று போதும். தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் குழி விழும். ஒரு நேரான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். முதலில் நான்கு துடுப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, விளிம்புகளைச் சேர்த்தே தேயுங்கள். நான்கும் ஒரே அளவாகிவிடும். பிறகு தனித்தனியாக முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெல்லியதாக்குங்கள். காற்று வழுக்கிக்கொண்டு போகும். உடலோடு ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாகவே விடுங்கள். அதை உருட்டினால் பசைக்குப் பிடிமானம் இருக்காது.

4. ஒட்டுவது

நான்கு துடுப்புகளும் 90 பாகை இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றி, சுற்றளவை அளந்து, நான்காக மடித்தால் நான்கு புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளியிலிருந்து குழாயில் நேர்க்கோடு எப்படிப் போடுவது? குழாயைக் கதவு நிலையின் மூலையில் படுக்கவைத்து, நிலையின் விளிம்பையே அடிக்கோலாக வைத்துப் பென்சிலால் இழுங்கள். நம்பி இழுக்கலாம், கோணாது.

சூப்பர் குளூ வேண்டாம். அது சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அடி விழுந்தால் சட்டென்று விடும். மரப்பசை எடுத்து, துடுப்பின் அடியிலும் குழாயின் கோட்டிலும் மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். மறுபடி ஒரு கோடு பசை வைத்து அழுத்திப் பிடியுங்கள். முதல் பூச்சு காகிதத்துக்குள்ளும் மரத்துக்குள்ளும் இறங்கியிருப்பதால், இரண்டாவது பூச்சு வலுவாகப் பிடிக்கும். காய்ந்தபின் துடுப்பும் குழாயும் சேரும் மூலையில் விரலால் பசையை வழித்து ஒரு வளைவு கொடுங்கள். காற்றின் இழுப்பைத் தாங்குவது அந்த வளைவுதான்.

துடுப்புக்கு இன்னும் பலம் வேண்டுமானால் மெல்லிய காகிதத்தை இரண்டு பக்கமும் ஒட்டலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது மரம் வளைந்துவிடும்.

5. தம்பி சொன்னது

இனி அந்தத் தலையாட்டல். திறந்தநாள் முடிந்து சில மாதம் கழித்து, பள்ளி விடுமுறையில், அதே மாதிரிக் கிட்டு ஒன்றை என் தம்பியோடு சேர்ந்து கட்டினேன். அவன் படிவம் நான்கு. மூன்றாவது நாள் இரவு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு துடுப்பை உடைச்சிட்டேன்."

"எப்படிடா?"

"கத்தியால வெட்டச் சொன்னீங்க. நான் விரலால அமுக்கிட்டேன். அவசரப்பட்டுட்டேன்."

என் வாயிலிருந்து தானாக வந்தது: "பரவாயில்ல, ஃபில்லர் போட்டு பெயிண்ட் அடிச்சிட்டா தெரியாது."

அவன் கொஞ்சநேரம் யோசித்தான். "தெரியாது. ஆனா உள்ள உடைஞ்சுதானே இருக்கும்?"

சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பதினாறு வயதுப் பையன், யாரும் கேட்காமலே வந்து சொல்லிவிட்டான். நான் பெயிண்ட் அடித்தேன், 'ஓகே அண்ணே' என்றேன், பழியைக் கிட்டின்மேல் போட்டபோது தலையாட்டினேன். அன்று இரவே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் விரிவுரையாளரிடமும் சீனியரிடமும் போய்ச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. ஒரு பருவம் முழுவதும் நான் ராக்கெட் விடக்கூடாது, மற்றவர்கள் கட்டியதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும் என்றார்கள். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, என் கையெழுத்தை நம்பித்தான் அந்தத் திடலில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று.

உடைந்த துடுப்பை என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? மரமாவுப் பூச்சு குழியை மூடும், பலம் கொடுக்காது. மயிரிழை விரிசல் என்றால் உடனே மரப்பசையை உள்ளே இறக்கி அழுத்திக் காயவைக்கலாம். இது இரண்டாகப் போய்விட்டது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, அதையே அச்சாகக் கொண்டு, அதே தடிமன் பால்சாப் பலகையில், நாரோட்டம் மாறாமல் புதிதாக வெட்டினோம். வெட்டியது தம்பி. கத்தியால்தான்.

6. நேராகப் பறக்குமா?

ராக்கெட்டுக்கு இரண்டு மையங்கள் முக்கியம். ஒரு விரலில் வைத்தால் சமமாக நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். காற்றின் தள்ளுவிசை எல்லாம் கூடி ஓரிடத்தில் தள்ளுவதுபோல் இருக்கும் இடம் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னால், மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவு இடைவெளி வேண்டும். அப்படி இருந்தால், ராக்கெட் சாயும்போது காற்று வாலைத் தள்ளி நேராக்கிவிடும். துடுப்பு ஒன்று போய்விட்டால் அழுத்த மையம் முன்னே நகரும். என் ராக்கெட் சுழன்றது அதனால்தான்.

பசையும் பெயிண்டும் அதிகமானாலும் ஆபத்து. எல்லா எடையும் வாலில் ஏறுவதால் ஈர்ப்பு மையம் பின்னே போகும். அப்போது மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வைத்துச் சரிசெய்வார்கள்.

சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எரிந்து முடிந்த மோட்டார்க் கூட்டில் களிமண் அடைத்து, புது மோட்டாரின் எடைக்குக் கொண்டுவாருங்கள். சி6 வகை என்றால் சுமார் 24 கிராம். அதை வாலில் பொருத்தி, பாராசூட்டையும் உள்ளே வைத்து, சமநிலை வரும் இடத்தில் கயிறு கட்டி, திறந்த திடலில் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு போனால் நல்லது. வால் முன்னே வந்தாலோ குட்டிக்கரணம் போட்டாலோ, அதை ஏவக்கூடாது.

7. மோட்டார் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

சி6-5 என்று எழுதியிருந்தால், 'சி' மொத்தத் தள்ளுதிறன், 5-க்கு மேல் 10 நியூட்டன்-வினாடி வரை. '6' சராசரித் தள்ளுவிசை, நியூட்டனில். '5' எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும்வரை ஆகும் வினாடிகள். எரிவது இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குள் எல்லா ஒட்டும் சோதிக்கப்பட்டுவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு தொடங்கியதே பிள்ளைகளின் விரல்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் காலணிக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் 1954-இல், மோட்டாரை மாற்றிப் போடக்கூடிய மாடல் ராக்கெட்டைச் செய்தார். வீட்டில் மருந்து கலந்து இளைஞர்கள் காயப்படுவதைப் பற்றி எழுதிய ஹாரி ஸ்டைன், 1957-இல் அதைப் பார்த்து, பாதுகாப்பான வழி இதுதான் என்று பரப்பினார்.

ஆகவே வீட்டில் எதையும் கலக்காதீர்கள். இந்த மோட்டாரில் இருப்பது கருமருந்து. நம் நாட்டில் வெடிபொருளுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் நீங்களாகவே வாங்கவும் வேண்டாம். கிட்டைக் கட்டுங்கள், சுற்றிப் பாருங்கள், ஏவுவதைப் பள்ளியோ பல்கலைக்கழகமோ அனுமதி பெற்று நடத்தும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ராக்கெட் இன்னும் பறக்கவில்லை. போன ஞாயிறு மாலை எங்கள் தாமான் திடலில் தம்பி கயிற்றைச் சுற்றினான். மூக்கு நேராக முன்னே பார்த்துக்கொண்டு போனது. அந்த நான்காவது துடுப்புக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். மரம் அப்படியே தெரிகிறது.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டில் உள்ள மரப்பொருள் ஒன்றை எடுத்து, அதில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது, ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்.

2. ராக்கெட்டின் மூக்கில் எடை சேர்த்தால் ஏன் நேராகப் பறக்கிறது? உங்கள் சொந்த வார்த்தையில் விளக்குங்கள்.

3. நீங்கள் பெயிண்ட் அடித்து மூடிய விரிசல் ஏதாவது இருக்கிறதா? அதை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? இதற்கு மட்டும் விடையைக் குழுவில் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவரிடம் சொன்னால் போதும்.